புறக்காழும் கல்லான பனைகளும்: அடையாளங்காணல் முறை பற்றிய ஒரு திறனாய்வு

தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் இறுதி இயலாகிய மரபியல், புறத்தே வன்மையுடையவற்றைப் புல் என்றும், அகத்தே வன்மையுடையவற்றை மரம் என்றும் வகுக்கின்றது. பனை, தெங்கு, கமுகு முதலியன இவ்வகுப்பில் புல்லாகின்றன. புறக்காழ், அகக்காழ் என்னும் இவ்விரு சொற்களையும் அடிப்படையாகக் கொண்டு, ஐரோப்பியத் தாவரவியலார் பதினேழாம் நூற்றாண்டளவில் வகுத்த ஒருவித்திலையி, இருவித்திலையி என்னும் பாகுபாட்டைத் தொல்காப்பியர் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே கண்டுவிட்டார் என்னும் கூற்று நம்மிடையே மேடைகளிலும் சிறப்பு மலர்களிலும் நிலைபெற்றுவிட்டது. இதற்கு எதிராக, மரபியல் வெறும் சொற்றொகுதியே, அதில் அறிவியல் தேடுவது வீண் என்று ஒதுக்கிவிடும் போக்கும் உண்டு. இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று பகையாகத் தோன்றினும், அடிப்படையில் ஒரே பிழையிலிருந்து தோன்றுவன என்பது நமது கருத்து. வெளித்தோற்றத்தில் ஒத்திருப்பதை ஒன்றெனக் கொள்வது முதலாவது. வெளித்தோற்றத்தில் ஒவ்வாததை வேறெனத் தள்ளுவது இரண்டாவது. உள்ளமைப்பை இருவரும் பார்ப்பதில்லை.

உள்ளமைப்பைப் பார்த்து அடையாளங்காணுதல் என்பது யாது என்பதை விளங்கிக்கொள்வதற்கு, இலக்கிய மாணவர் சற்றும் எதிர்பாராத ஒரு துறைக்கு அவரை அழைத்துச் செல்ல விரும்புகின்றோம். அது கல்லாகிப்போன பனைக்குடும்ப மரங்களை இனங்காணும் துறை. மரபியலின் சூத்திரமும் அத்துறையின் முதன்மையான சிக்கலும் ஒரே பொருளைப் பற்றியன. பனையின் தண்டு வெளியே வன்மையாகவும் உள்ளே மென்மையாகவும் இருப்பது ஏன் என்பதே அது.

மாமரத்தையோ முதிரையையோ வெட்டிப் பார்ப்பவர், நடுவிலிருந்து விரிந்து செல்லும் வளையங்களைக் காண்பர். மாறிழையம் என்னும் வளரும் படை ஆண்டுதோறும் உள்நோக்கிக் காழையும் வெளிநோக்கி உரியத்தையும் சேர்த்துவருவதால் தண்டு பருக்கின்றது. நடுப்பகுதி பழையது, அதுவே வயிரமாகின்றது. பனைக்கோ இத்தகைய மாறிழையம் இல்லை, வளையமும் இல்லை. மென்மையான புடைக்கலவிழையத்தின் நடுவே நூற்றுக்கணக்கான, ஆயிரக்கணக்கான கலன்கட்டுகள் சிதறிக் கிடக்கின்றன. ஒவ்வொரு கட்டிலும் நீர்கடத்தும் காழ்க்கலன்கள் ஒன்றோ இரண்டோ பலவோ இருக்கும். அவற்றை அடுத்து உரியம். உரியத்தின் பக்கத்தே தொப்பி கவிழ்த்தாற்போல் தடித்த சுவருள்ள நார்களின் திரள். விளிம்புக்குச் செல்லச் செல்லக் கட்டுகள் நெருங்குகின்றன; நார்த்தொப்பி பருக்கின்றது; இடையிலுள்ள மெல்லிழையம் குறைகின்றது. தண்டு முதிருந்தோறும் இந்நார்களின் சுவர்கள் மேலும் தடிக்கின்றன. தென்னையின் புறப்பகுதி கன மீற்றருக்கு 600 கிலோகிராமுக்கு மேற்பட்ட அடர்த்தி உடையதாக இருக்க, நடுப்பகுதி 400க்கும் குறைவாக இருப்பது இதனாலேயே.

மண்ணில் புதைந்த தண்டில் சிலிக்கா கரைந்த நீர் ஊறிக் கலங்களின் உள்ளும் சுவர்களிலும் படியும்போது, மரம் அழுகிக் குலைவதற்கு முன்னரே அதன் கட்டமைப்பு கல்லில் பதிந்துவிடுகின்றது. அக்கல்லை மெல்லிய தகடாக அறுத்து, கண்ணாடியில் ஒட்டி, ஒரு மில்லிமீற்றரின் நூற்றில் மூன்று பங்களவு மெலிதாகும் வரை தேய்த்தால் ஒளி ஊடுருவும். நுணுக்குக்காட்டியின் கீழ் கலன்கட்டு, நார்த்தொப்பி, கலன்களின் எண்ணிக்கை ஆகியன தெளிவுறத் தெரியும். உயிருள்ள பனைகளின் நார்களை ஒட்டி வரிசையாகக் கிடக்கும் நுண்ணிய சிலிக்காத் துணிக்கைகள்கூட ஒரு சான்றாகின்றன. பனை, தென்னை, ஈச்சு ஆகியவற்றில் இவை முள் படர்ந்த உருண்டைகளாகவும், கமுகில் கூம்புகளாகவும் இருப்பன. பிரம்பின் கலன்கட்டிலோ ஒரே ஒரு பெருங்கலனும் இருபுறத்தும் உரியத்தின் இரு கூறுகளும் அமைந்திருக்கும். அதனைக் கண்டவர் வேறொன்றோடு மயங்குதல் அரிது.

இத்துணைச் சான்றுகள் இருந்தும் இத்துறை நெடுங்காலம் தவறியே சென்றது. அவ்வரலாறே நமக்குப் பயன்படுவது.

1882ஆம் ஆண்டில் சென்க் என்னும் ஜேர்மன் அறிஞர் பல்மொக்சைலன் என்னும் பெயரை வழங்கினார். பனைக்குடும்ப மரம் என்பதற்கு மேல் அப்பெயர் எதனையும் கூறவில்லை. எந்தப் பனை என்று தெரியாதபோது, பனை என்று மட்டும் சொல்லி நிறுத்துவது அது. வேர் தனியே கிடைத்தால் வேறொரு பெயர். இலைக்காம்பு தனியே கிடைத்தால் மற்றொரு பெயர். ஒரே மரத்தின் உறுப்புகளுக்கு வெவ்வேறு பெயர் இடுவது குழப்பமாகத் தோன்றலாம். ஆயினும் அவை ஒரே மரத்தினவென்று காட்டும் சான்று கிடைக்கும்வரை அங்ஙனம் பிரித்து வைப்பதே நேர்மை. இப்பெயரின் அடக்கம் நெடுநாள் நிலைக்கவில்லை. 1904இல் இஸ்ரென்செல் என்பார் நார்த்தொப்பியின் குறுக்குவெட்டு வடிவத்தைக் கொண்டு இம்மரங்களை வகுத்தார்: சிறுநீரக வடிவம், பிறை வடிவம், இதய வடிவம், அம்புமுனை வடிவம் என்றிவ்வாறு. வகுப்பு அழகாக இருந்தது. அதன் வழியே நூற்றுக்கு மேற்பட்ட இனப்பெயர்கள் உலகெங்கும் பெருகின.

பிழை எங்கே? தொப்பியின் வடிவம் இனத்துக்கு மட்டும் உரியதன்று. தண்டில் அக்கட்டு இருக்கும் இடத்துக்கும் உரியது. விளிம்பிலிருந்து நடுவுக்குச் செல்லும்போது ஒரே தண்டில் அவ்வடிவம் மாறக்கூடும். அடித்துண்டும் நுனித்துண்டும் வேறுபடும். இளமரமும் முதுமரமும் வேறுபடும். கையளவு கல்லாகக் கிடைத்த துண்டு தண்டின் எப்பகுதி என்று கேளாமல் அதன் வடிவத்தை மட்டும் நோக்கியவர், ஒரே மரத்திலிருந்து இரண்டு மூன்று இனங்களைப் படைத்துவிட இயலும். பொருளை அதன் முழுமையிலிருந்தும் வளர்ச்சியிலிருந்தும் பிரித்தெடுத்து, நிலையான ஒரு பண்பை அதன் சாரமெனக் கொள்ளும் இம்முறையை இயங்காவியல் என்று ஏங்கெல்ஸ் கண்டித்தமை மார்க்சியம் கற்றோர் அறிந்ததே. ஏங்கெல்சைக் கற்றவர்களே இலக்கியத்தில் இதே பிழையைச் செய்வதுண்டு என்பதையும் இங்குச் சொல்லிவைப்பது தகும்.

நமது துணைக்கண்டத்தில் இத்துறையை நிலைநாட்டியவர் பீர்பால் சாகினி. தக்கணத்து எரிமலைக் குழம்புப் படைகளின் இடையே கிடக்கும், ஏறத்தாழ 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்ட படிவுகளிலிருந்து பெற்ற பனைத்தண்டுகளை அவர் ஆராய்ந்தார். தென்னையை ஒத்த ஒரு தண்டினை அவர் 1946இல் விரிவாக விளக்கியபோது, தென்னை என்று துணிந்து கூறாது, பல்மொக்சைலன் என்பதை முன்வைத்துத் தென்னையின் பெயரை அடைப்புக்குறிக்குள் இட்டார். அவ்வடைப்புக்குறி ஒரு முறையியல் நூலுக்கு நிகரானது என்போம். இதே அறிஞர் பண்டைய இந்தியாவில் நாணயம் வார்த்த முறை பற்றியும் 1945இல் ஒரு நூல் எழுதினார் என்பது நம்மவர் பலர் அறியாதது. உடைந்த சுடுமண் அச்சுகளைக் கொண்டு உழைப்பின் படிமுறையை மீளக் கட்டியெழுப்பிய அம்முயற்சியும், உடைந்த கல்லைக் கொண்டு மரத்தைக் கட்டியெழுப்பிய முயற்சியும் ஒரே கையின் வேலை. நாணயங்களைக் கணிதமுறையில் ஆராய்ந்து வரலாற்றுக்குக் கொண்டுவந்த கோசாம்பியை நாம் அடிக்கடி மேற்கோள் காட்டுகின்றோம். சாகினியையும் அவ்வரிசையில் வைத்து எண்ணுதல் வேண்டும்.

தமிழகத்தில் கடலூர் மணற்கல் படிவுகளிலிருந்தும் பனைமரம் கிடைத்துள்ளது. சி. ஜி. கே. இராமானுஜம் 1950களில் ஆர்க்காட்டின் பெயரால் விவரித்த இனம், இன்று வாழும் லிவிஸ்ரோனா என்னும் விசிறிப்பனைச் சாதியை ஒத்தது. அதே தொகுதியைச் சேர்ந்த திருவக்கரையின் புகழ்பெற்ற கல்மரங்களுள் பெரும்பாலானவை பனைகள் அல்ல என்பதையும் நினைவிற்கொள்ளல் வேண்டும். கல்லானவை யாவும் ஒன்றெனக் காண்பது சுற்றுலாக் கையேட்டின் வழக்கம்.

அண்மைக் காலத்தில் இத்துறை தன் பிழையைத் தானே திருத்தத் தொடங்கியுள்ளது. பனையும் ஈச்சும் அடங்கிய துணைக்குடும்பத்தின் வாழும் இனங்களைத் தண்டின் பகுதி பகுதியாக ஒப்பிட்டு, கணினியின் துணையுடன் அடையாளங்காணும் முறையொன்றைத் தோமாவும் தெ பிரான்செஸ்கியும் 2013இல் வெளியிட்டனர். தண்டின் எவ்விடத்துத் துண்டு என்பதே அதில் முதல் வினா. இரண்டாண்டுகளின் பின் தோமாவும் பூராவும் இன்னொரு வினாவை எழுப்பினர்: தண்டின் அமைப்பில் நாம் காண்பது மரபுவழியின் தடமா, தட்பவெப்பத்தின் தடமா? இலக்கிய வடிவங்களைப் பற்றி நாம் கேட்க வேண்டிய வினாவும் இதுவே. 1974இல் திணைக் கோட்பாட்டை அதன் பொருளாதார அடித்தளத்தோடு இணைத்து எழுதியபோது கா. சிவத்தம்பி கேட்டதும் ஏறத்தாழ இதுவே.

இவ்வினாக்களோடு நாம் ஈச்சிலம்பற்றுக்குச் சென்றிருந்தோம். கொட்டியாரக் குடாவுக்குத் தெற்கே, வெருகலாற்றை நோக்கிச் செல்லும் கடற்கரைப் பகுதி அது. அங்கே கல்லான பனையைத் தேடிச் செல்பவர் ஏமாற்றமடைவர். இலங்கையின் பெரும்பகுதியைப் போன்றே அங்கும் அடியிலிருப்பது மிகப் பழைய பளிங்குருப் பாறை; மேலே மகாவலியின் கிளை கொணர்ந்த வண்டலும் கடல்மணலும். நமது நாட்டில் தாவர உயிர்ச்சுவடுகளுக்குப் பெயர்பெற்ற தப்போவைப் படிவு புத்தளம் மாவட்டத்தது. அது யுராசிக் காலத்தது. பனைக்குடும்பம் உலகில் தோன்றுவதற்கு முற்பட்டது. ஆகவே ஈச்சிலம்பற்றில் நாம் தேடியது கல்லை அன்று, சொல்லை.

அங்கே முதிய ஓடாவியார் ஒருவரிடம், பனைமரம் எவ்விடத்தில் வயிரமாக இருக்கும் என்று கேட்டோம். அவர் விடை சொல்லாமல் நம்மைக் கேட்டார்: “அடித்துண்டையோ தலைத்துண்டையோ கேக்கிறியள், தம்பி? மரத்தில ஆர் எல்லா இடமும் ஒண்டு எண்டு சொன்னது?” பிறகு, பனையைத் தறித்துப் பிளக்கும்போது விளிம்பை ஒட்டிய பகுதியையே வளைக்கும் சலாகைக்கும் எடுப்பதென்றும், உள்ளே இருக்கும் சோற்றைச் செதுக்கி எறிந்துவிடுவதென்றும், தலைப்பக்கத்துத் துண்டை வீட்டுக்கு ஏற்றினால் நாலு மாரி தாங்காதென்றும் விளக்கினார். நூற்றுக்கு மேற்பட்ட இனப்பெயர்களைப் படைத்தோர் கேளாது விட்ட வினாவை அவர் முதலாவதாகக் கேட்டார் என்பதை நாம் குறித்துக்கொண்டோம். அவர் தாவரவியல் கற்றவர் அல்லர். கோடரியும் வாச்சியும் அவருக்குக் கற்பித்தன.

மரபியலின் சூத்திரம் இவ்விடத்தில்தான் விளக்கம் பெறுகின்றது. புறக்காழ் என்பது வித்திலையின் எண்ணிக்கையைப் பற்றிய கூற்று அன்று. முளைவிடும் வித்தைப் பிளந்து பார்த்துச் சொல்லப்பட்டதும் அன்று. அது தறித்தவனின், பிளந்தவனின், செதுக்கியவனின் அறிவு. கருவி பட்டபோது மரம் எங்கே எதிர்த்தது, எங்கே விட்டுக்கொடுத்தது என்பதிலிருந்து பிறந்த பாகுபாடு. மூங்கிலையும் பனையையும் அது ஒன்றுசேர்ப்பது பிற்காலத் தாவரவியலோடு பொருந்துகின்றது என்றால், அதற்குக் காரணம் தீர்க்கதரிசனம் அன்று. மாறிழையம் இல்லாமை என்னும் உள்ளமைப்பு, உழைப்பவனின் கையில் புறவன்மையாகத் தட்டுப்படுகின்றது என்பதே. இதனை இவ்வாறு கொள்ளும்போது சூத்திரத்தின் பெருமை குறைவதில்லை. அப்பெருமைக்கு உரியவர் யாவர் என்பதே மாறுகின்றது.

இங்கே ஒரு சொற்சிக்கலையும் தீர்த்துச் செல்வது அவசியம். தமிழ்மொழிமூலக் கல்விக்கென இலங்கையில் கலைச்சொற்கள் ஆக்கப்பட்டபோது, நீர்கடத்தும் இழையத்துக்குக் காழ் என்னும் பழஞ்சொல் தெரிந்தெடுக்கப்பட்டது. அத்தெரிவு அழகியது, மாமரத்தைப் பொறுத்தவரை பொருத்தமானதும்கூட, அங்கே வயிரம் என்பது முதிர்ந்த காழே. ஆயின் இக்கலைச்சொல்லைக் கற்ற மாணவர் மீண்டும் மரபியலைப் படிக்கும்போது, புறக்காழ் என்பதற்குப் பனையில் நீர்கடத்தும் இழையம் புறத்தே உள்ளது என்று பொருள்கொண்டுவிடுகின்றார். உண்மை அதுவன்று. பனையின் புறவன்மையைத் தருவது பெரும்பாலும் கலன்கட்டின் நார்த்தொப்பியாகிய வல்லருகுக்கலவிழையம். அது உரியத்தின் பக்கத்தே கிடப்பது. சூத்திரத்தில் காழ் என்றால் வன்மை. பாடநூலில் காழ் என்றால் ஓர் இழையம். ஒரே சொல் இரு காலங்களில் இரு பொருள் தாங்கி நிற்கின்றது. பின்னதை முன்னதில் ஏற்றிப் படிப்பது, நடுத்தண்டின் துண்டை விளிம்புத்துண்டு என்று கொள்வதற்கு ஒப்பாகும்.

மரபியலைப் போற்றுவோர் பேசாது விடும் மற்றொன்றும் உண்டு. புல்லையும் மரத்தையும் வகுக்கும் அதே இயல், அந்தணர், அரசர், வணிகர், வேளாளர் என மாந்தரையும் வகுத்து, யாருக்கு எது உரியது என்று விதிக்கின்றது. இப்பகுதி பிற்சேர்க்கை எனக் கருதும் அறிஞர் உளர். பிற்சேர்க்கை ஆயினும் அன்றாயினும், இரு பாகுபாடுகளும் ஒரே ஏட்டில் அருகருகே வைக்கப்பட்டமை பொருளற்றதன்று. பனையை வகுத்தது கோடரி; அதன் விதியை எவரும் பிளந்து சோதிக்கலாம். மாந்தரை வகுத்தது அதிகாரம்; அதன் விதியைச் சோதிக்க எவருக்கும் இடமளிக்கப்படவில்லை. மரம் தறித்தவனின் அறிவை எடுத்துக்கொண்ட புலமை, தறித்தவனுக்கு அவ்வரிசையில் தனிப்பெயர்கூட வழங்கவில்லை. இவ்விரண்டையும் ஒரே மூச்சில் நம் முன்னோர் அறிவு எனப் பாராட்டுவது, கல்லையும் அதனை மூடிய சேற்றையும் ஒன்றாக நிறுப்பதாகும்.

இனி, ஊரின் பெயர். ஈச்சிலம்பற்று என எழுதுவோரும் உளர். ஈச்சிலம்பற்றை என வழங்குவோரும் உளர். ஆங்கில எழுத்தில் இறுதி உயிர் ஒன்றே இவ்விரண்டையும் வேறுபடுத்துகின்றது. ஆனால் அவ்வோர் உயிரில் ஒரு சமூக வரலாறு அடங்கியுள்ளது. பற்று என்பது கிழக்கின் நிருவாகப் பிரிவு. கொட்டியாரப்பற்று, தம்பலகாமப்பற்று, கட்டுக்குளப்பற்று என்பன போல, வரியும் கடமையும் வசூலிக்கப்பட்ட நிலப்பரப்பு. பற்றை என்பதோ புதர். காடு வெட்டிச் சேனை செய்தவன் தன் கத்தியால் எதிர்கொண்டது. முன்னது பதிவேட்டின் சொல். பின்னது சேனைக்காரனின் சொல். இவ்வூர் கொட்டியாரப்பற்றினுள் அடங்கியிருந்தமையை நோக்க, ஒரு பற்றினுள் மற்றொரு பற்று எவ்வாறு வந்தது என்னும் வினாவும் எழுகின்றது. பற்றை என்பதே முந்திய வடிவம் என்று கொள்ள நமக்கு விருப்பமே. ஆயின் விருப்பம் சான்றாகாது.

பெயரின் முற்பகுதி இன்னும் கடினமானது. ஈச்சு என்பது அக்கரையில் தானாக வளரும் குறுமரம்; கறுத்துச் சிறுத்த பழமும் பெட்டியும் பாயும் இழைப்பதற்கான ஓலையும் தருவது. ஈச்சு, இலை என்னும் இரு சொற்களும் இணைந்தே ஈச்சிலம் ஆயிற்று என்று எழுதுவது எளிது. எழுதப்பட்டால் நம்பப்படவும் கூடும். ஆனால் ஈச்சின் இலையை ஈச்சிலை என்று அங்கே எவரும் சொல்லக் கேட்டிலோம். ஓலை என்றே சொல்கின்றனர். மரபியலும் ஓலை, மடல், பாளை, ஈர்க்கு ஆகியவற்றைப் புல்லுக்கும், இலை, தளிர் போன்றவற்றை மரத்துக்கும் உரியனவாகவே பிரித்துக் கூறுகின்றது. பேச்சுவழக்கு, பழைய இலக்கணம் ஆகிய இரண்டும் சேர்ந்து இச்சொல்லாராய்ச்சியை மறுக்கின்றன. சாரியை பெற்றால் வரவேண்டிய வடிவம் ஈச்சம் என்பது. ஈச்சந்தீவு, ஈச்சங்குளம் என்னும் பெயர்கள் அவ்வாறே அமைந்தன. இங்கோ இடையில் ஓர் இல் நிற்கின்றது. சிலம்பு என்று வெட்டி மலை காண்பாரும் தோன்றலாம். பிளக்கும் இடத்தை நம் வசதிக்கேற்ப மாற்றிக்கொண்டால் எந்த ஊர்ப் பெயரும் எதனையும் சொல்லும்.

சொல்லாராய்ச்சிக்கு வேண்டிய துண்டுகள் மக்களின் வாயில் உள்ளன. 2004ஆம் ஆண்டுக் கடல்கோளும், 2006ஆம் ஆண்டுப் போரில் இப்பகுதி மக்கள் வாகரைப் பக்கம் பெயர்ந்து சிதறியமையும் அவ்வாய்களைக் கலைத்தன. முகாம்களில் பிறந்த தலைமுறைக்கு ஊர்ப்பெயர் முதலில் அறிமுகமானது நிவாரண அட்டையில், அதாவது பதிவேட்டின் எழுத்தில். ஈச்சம்பற்றையைத் தறித்த கத்தியின் நினைவு அவர்களுக்கு நேரடியாக இல்லை. அயலூர்ப் பெயர்களையும் காணி உறுதிகளையும் கோயிற் கணக்குகளையும் முதியோரின் உச்சரிப்பையும் ஒருங்கே திரட்டி ஒப்பிடும் வேலை, பல்கலைக்கழகத் தமிழ் மாணவர் குழுவொன்றால் ஓரிரு விடுமுறைக் காலங்களில் செய்து முடிக்கக்கூடியது. உறுதிகளில் பற்று என வருமிடத்தையும் பற்றை என வருமிடத்தையும் ஆண்டுவாரியாகப் பிரித்து எழுதினாலே பாதி வழக்குத் தீரும்.

அதுவரையில் இப்பெயரைப் பற்றி நாம் உறுதியாகக் கூறக்கூடியது, பல்மொக்சைலன் என்னும் பெயர் கூறும் அளவே: இதன் முதலில் ஈச்சு இருக்கின்றதெனத் தோன்றுகின்றது, எஞ்சியதை அடைப்புக்குறிக்குள் இடுகின்றோம்.